ரேஸ் வீட்டின் கணக்குப்பிள்ளை

2001 பிப்ரவரி கடைசி வாரம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ராக்கிங்ஹாம் என்ற சின்ன ஊர். அங்கே நடக்கவிருந்த கார் பந்தயத்துக்கு வரப்போகும் வண்டிகளின் பட்டியல் வெளியானது. அதில் ஒரு வரியில்தான் எல்லோர் கண்ணும் நின்றது. உரிமையாளர் ரிச்சர்ட் சில்ட்ரெஸ், ஸ்பான்சர் குட்ரெஞ்ச், கார் ஷெவர்லே. இவை மூன்றும் போன வாரம் இருந்தபடியே இருந்தன. ஆனால் 3 என்ற எண் இருந்த இடத்தில் 29. டேல் எர்ன்ஹார்ட் என்ற பெயர் இருந்த இடத்தில் கெவின் ஹார்விக் என்ற இளைஞரின் பெயர். பத்தாண்டுக்கும் மேலாகக் கறுப்பாக ஓடிய கார் வெள்ளையாக வந்தது.

ஒரு வாரம் முன்னால், பிப்ரவரி 18 அன்று, டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், கடைசி வளைவில், எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்திருந்தார். அந்தச் சாவைப் பற்றி அழுதும் அலசியும் எழுதியவர்கள் ஏராளம். ஆனால் இந்த விளையாட்டோடு வாரா வாரம் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலின் ஒரு வரி போதுமானதாக இருந்தது.

ஸ்டாக் கார் எனப்படும் இந்தப் பந்தய உலகத்தில் செய்தி பெரும்பாலும் இப்படிப் பட்டியலாகத்தான் வரும். எந்த எண்ணை யார் ஓட்டுகிறார், முதலாளி யார், வண்டிக் குழுவின் தலைவரான க்ரூ சீஃப் யார், பானெட்டில் எந்தக் கம்பெனியின் பெயர். இவற்றையெல்லாம் கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து நாள் தவறாமல் எழுதிவந்த செய்தித்தளம் ஒன்று உண்டு. பெயர் ஜேஸ்கி. 1996-இல் தொடங்கியது. 2019 ஜனவரியோடு மூடப்போகிறோம் என்று அதை வைத்திருந்த இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் அறிவித்தபோது, வயதான உறவினர் ஒருவர் போய்விட்டதைப் போலப் பலர் புலம்பினார்கள். அதிக நாள் ஆகவில்லை. அதே ஆண்டில் தளம் மறுபடி எழுந்து வந்துவிட்டது. கைகொடுத்து எழுப்பியது யார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

அதற்கு முன் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம். ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவருக்கு, நாஸ்கார் என்ற அமைப்பு நடத்தும் இந்த ஸ்டாக் கார் பந்தயம் முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். தெருவில் ஓடும் காரைப் போலத் தோற்றமளிக்கும் நாற்பது வண்டிகள், பெரும்பாலும் நீள்வட்டப் பாதையில், இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓடும். டேட்டோனாவில் ஒரு சுற்று நான்கு கிலோமீட்டர். வளைவுகள் 31 டிகிரி சாய்வு, காலால் ஏறுவதே சிரமம். அப்படி 200 சுற்று. நமக்கு அது திங்கட்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு ஆரம்பிக்கும். மழை பெய்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாதையைக் காயவைப்பார்கள். நான் ஒருமுறை அந்தக் காயவைக்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போய், பால்காரர் அழைப்புமணிக்கு எழுந்தபோதும் பந்தயம் முடிந்திருக்கவில்லை.

சலிப்பு போவது எப்போது என்றால், ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் இருக்கும் குடும்ப விவகாரம் தெரியவரும்போது. 43 என்றால் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி. அவருடைய கார் நீலம். 1972-இல் எஸ்டிபி என்ற எண்ணெய்க் கம்பெனி ஸ்பான்சராக வந்தபோது கார் முழுவதும் தங்கள் சிவப்பில்தான் இருக்கவேண்டும் என்றது. பெட்டி முடியாது என்றார். ராத்திரி முழுக்கப் பேரம் நடந்து, கடைசியில் பாதி நீலம், பாதி சிவப்பு என்று முடிந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்த இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கும் ஆட்கள் பெட்டியைத்தான் சொல்வார்கள். இங்கே நிறம் என்பது பணம், பணம் என்பது செய்தி.

இந்த நிற விஷயம் 1990-களில் தனித் தொழிலாகவே ஆனது. 1995 ஆல்-ஸ்டார் பந்தயத்துக்கு, வின்ஸ்டன் சிகரெட்டின் ஸ்பான்சர்ஷிப்புக்கு 25 ஆண்டு ஆவதைக் கொண்டாட, எர்ன்ஹார்ட் தன் கறுப்புக் காரை ஒரே ஒரு பந்தயத்துக்கு வெள்ளி நிறத்தில் கொண்டுவந்தார். அதன் பொம்மைக் கார் கடைகளில் பறந்தது. பிறகு யார் சும்மா இருப்பார்கள்? வாரத்துக்கு ஒரு வண்ணம், பண்டிகைக்கு ஒரு வண்ணம், புதுப் படம் வெளியானால் அதற்கொரு வண்ணம். எந்த வாரம் எந்த எண் எந்தச் சட்டை போட்டு வரும் என்பது ரசிகர்களுக்கும் பொம்மைக் கார் சேகரிப்பவர்களுக்கும் தலையாய கேள்வியானது. தினசரி பத்திரிகையில் இதற்கு இடம் கிடையாது. வாரப் பத்திரிகை அச்சாகி வருவதற்குள் அடுத்த வண்ணம் வந்துவிடும்.

ஜே ஆடம்சிக் என்ற ரசிகர் தளத்தைத் தொடங்கியது சரியாக அடுத்த ஆண்டு. தளத்தின் முழுப் பெயர் ‘ஜேஸ்கியின் சில்லி சீசன் சைட்’. சில்லி சீசன் என்பது ஓட்டுநர்களும் க்ரூ சீஃப்களும் ஸ்பான்சர்களும் அடுத்த ஆண்டு எந்த டீமுக்குத் தாவப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பும் காலம். நம்மூரில் தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். யாரோ யாருடனோ ஒரு ஓட்டலில் காபி குடித்தார் என்பதே அரைப் பக்கச் செய்தி.

ஜேஸ்கியின் தனித்தன்மை எழுத்துநடையில் இல்லை. நடை என்று ஒன்றே கிடையாது. ஒரு தகவல், அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் எங்கிருந்து வந்தது, என்ன தேதி. நான்கு நாள் கழித்து மாற்றம் வந்தால் பழையதை அழிக்காமல் அதன் கீழேயே புதுத் தகவல், அதற்கும் தேதி. வதந்தி வதந்தியாகவே கிடக்கும், உறுதியானதும் உறுதி என்று போடுவார். மூன்று மாதம் கழித்துப் படித்தால் ஒரு பொய் எங்கே பிறந்து எப்படி நடந்து எந்த நாளில் செத்தது என்று வரி வரியாகத் தெரியும். எங்கள் ஊர் மளிகைக்கடை நோட்டில் பழைய பாக்கியை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதுக் கணக்கு எழுதியிருப்பார்கள். அதே முறை. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு ஓடுதளத்துக்கும் ஒரு பக்கம், வண்ணங்களுக்குத் தனி வரிசை, வண்டிப் பட்டியல், டிவி நேரம், பார்வையாளர் கணக்கு என்று சேர்ந்துகொண்டே போனது. ரசிகர்கள் மட்டுமல்ல, டீம்களில் வேலை பார்ப்பவர்களும் அதைத் திறந்து பார்த்துத்தான் தங்கள் பிழைப்பு நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள் என்பது அந்த வட்டாரத்தில் பழைய கிண்டல்.

இந்த விளையாட்டில் செய்தி எப்போதுமே விசித்திரமான வழியில்தான் வந்திருக்கிறது. நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்தது. அதில் வென்றவராக அறிவிக்கப்பட்ட ஜிம் ரோப்பர், கான்சஸ் மாநிலத்துக்காரர். இப்படி ஒரு பந்தயம் நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியவந்தது செய்திப் பக்கத்திலிருந்து அல்ல, பத்திரிகையில் வந்த விமானிக் கதைச் சித்திரத் தொடர் ஒன்றில் இருந்த குறிப்பிலிருந்து. அன்றைக்கு முதலில் கோட்டைத் தாண்டியது ரோப்பர் இல்லை, க்ளென் டன்னவே. பரிசோதனையில் அவர் காரின் பின்பக்க ஸ்பிரிங், கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் செய்வதுபோல் மாற்றப்பட்டிருந்தது தெரிந்து அவரைத் தகுதி நீக்கினார்கள். வண்டி முதலாளி 10,000 டாலர் கேட்டு நாஸ்கார் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். முதல் பந்தயத்திலேயே முதல் வழக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, 2007-க்கு வருவோம். அந்த ஆண்டு இரண்டு காரியம் நடந்தது. எர்ன்ஹார்டின் மகன் டேல் ஜூனியர், அப்பா கட்டிய டீமை விட்டுப் போகிறேன் என்று மே மாதம் அறிவித்தார். டீமை நடத்தியது அவருடைய சிற்றன்னை தெரேசா. எங்கே போவார், எண் 8-ஐக் கொண்டுபோக முடியுமா, யார் ஸ்பான்சர் என்று கோடை முழுவதும் ஒரே பேச்சு. நாஸ்காரில் எண் ஓட்டுநருடைய சொத்தல்ல. அமைப்பு அதை டீம் உரிமையாளருக்குத்தான் தரும். கடைசியில் 8 வீட்டிலேயே தங்கிவிட்டது, ஜூனியர் ஹென்ட்ரிக் டீமில் 88-ஐ எடுத்துக்கொண்டார். சில்லி சீசன் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய திருவிழா அதற்கு முன் இருந்ததில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது காரியம், இஎஸ்பிஎன் ஜேஸ்கியைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. காரணம் எளிது. 1980-களில் நாஸ்காரை வீடு வீடாகக் கொண்டுபோன இஎஸ்பிஎன், 2001-இல் தொடங்கிய புது ஒப்பந்தத்தில் இடம்பெறாமல் வெளியே நின்றது. 2007-இல்தான் ஒளிபரப்பு உரிமையோடு திரும்பியது. பந்தயத்தைக் காட்டுகிறவன் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தையும் கையில் வைத்திருப்பது நல்ல வியாபாரம். ரசிகர்கள் தினமும் காலையில் வந்து நிற்கும் திண்ணை அது. திண்ணையை வாங்கினால் கூட்டத்தையும் சேர்த்து வாங்கின மாதிரி.

சுற்றிலும் மற்ற திண்ணைகள் இடிந்துகொண்டிருந்த காலமும் அதுதான். 2008 பொருளாதார வீழ்ச்சியில் பல தினசரிகள் பந்தயத்துக்கென்று வைத்திருந்த நிருபர்களை வீட்டுக்கு அனுப்பின. வாரம் தவறாமல் வந்த ‘நாஸ்கார் சீன்’ 2010 தொடக்கத்தில் அச்சை நிறுத்தியது. 1934-இல் தொடங்கி, பந்தயக்காரர்களின் வேதப் புத்தகம் என்று பேரெடுத்த ‘நேஷனல் ஸ்பீட் ஸ்போர்ட் நியூஸ்’ வார இதழ் 2011 மார்ச்சில் கடைசி இதழை வெளியிட்டது. சிறுவனாக ஓடுதளத்தில் அதைக் கூவி விற்று, பிறகு அதற்கே பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்த கிறிஸ் எக்கனோமகி அடுத்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். அந்தப் பெயரும் சாகவில்லை. 2013-இல் ‘ஸ்பீட் ஸ்போர்ட்’ என்று மாத இதழாகத் திரும்பி வந்தது. இந்த ரசிகர்களிடம் ஒரு பெயர் நிலைத்துவிட்டால் அதை யாராவது எடுத்து நடத்தத்தான் பார்ப்பார்கள் என்பதற்கு அது ஒரு அத்தாட்சி. ஆனால் வாரா வாரம் வந்த செய்தி மாதத்துக்கு ஒன்றாகிவிட்டால், யார் தாவினார் என்று சொல்ல அது உதவாது. அந்த வேலைக்கு மிச்சம் இருந்தவர்களில் ஜேஸ்கிதான் மூத்தது.

பிறகு 2014 முடிந்தது, இஎஸ்பிஎன்னின் ஒளிபரப்பு உரிமையும் அதோடு முடிந்தது. அவர்களுடைய பங்கு என்பிசி தொலைக்காட்சிக்குப் போனது. இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் காட்டாத ஒரு விளையாட்டின் அன்றாடக் கணக்கை எழுத ஏன் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும்? அதன்பிறகும் நான்கு ஆண்டு அவர்கள் அதை ஓடவிட்டதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த நான்கு ஆண்டில் கேபிள் இணைப்பை வெட்டுகிறவர்கள் கூடினார்கள், இஎஸ்பிஎன் ஆட்குறைப்பு செய்தது. நாஸ்காரும் பழைய நாஸ்கார் இல்லை. டேட்டோனாவில் 40 கோடி டாலர் செலவழித்து 2016-இல் புதுப்பித்து முடித்தபோது இருக்கைகளை ஒரு லட்சத்துச் சொச்சமாகக் குறைத்திருந்தார்கள். காலி இருக்கை டிவியில் அசிங்கமாகத் தெரியும் அல்லவா. 2019 ஜனவரி அறிவிப்பு திடீர் இடி மாதிரித் தோன்றியது, உண்மையில் அது நான்கு ஆண்டு தாமதமாக வந்த கடிதம்.

மூடியதில் பெரிய இழப்பு நாளைய செய்தி அல்ல. அது வேறெங்காவது கிடைத்துவிடும். ஓட்டுநர்களே தங்கள் கையால் சமூக ஊடகத்தில் போட்டுவிடுகிறார்கள். போனால் போனதுதான் என்பது 1996 முதல் சேர்ந்த பழைய பக்கங்கள். எந்த ஆண்டு எந்த எண்ணில் எந்த வண்ணம், எந்த வதந்தி எந்தத் தேதியில். ட்விட்டரில் ஒருவர் தாவுவதை எல்லோருக்கும் முன்னால் போடலாம், பத்தாண்டு கழித்து அதைத் தேடி எடுப்பது நடக்கிற காரியமா?

அப்போது கைகொடுத்தது நாஸ்கார். அதன் டிஜிட்டல் பிரிவு தளத்தை எடுத்துக்கொண்டு ஜேஸ்கி என்ற பெயரிலேயே தொடர்ந்தது. இதைத் தனியாகப் பார்த்தால் பழைய ரசிகர்களுக்குக் காட்டிய கருணை போல இருக்கும். அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். நாஸ்கார் என்பது கிரிக்கெட் வாரியம் மாதிரி சங்கம் அல்ல. 1948-இல் பில் ஃபிரான்ஸ் நிறுவி இன்றுவரை அவர் குடும்பத்தின் கையில் இருக்கும் தனியார் கம்பெனி. 2018-இல் அவர் மகன் ஜிம் ஃபிரான்ஸ் தலைமைக்கு வந்தார். அதே ஆண்டு ஆர்கா என்ற இன்னொரு பந்தய அமைப்பை வாங்கினார்கள். 2019-இல் டேட்டோனா உள்ளிட்ட ஓடுதளங்களை வைத்திருந்த, அதே குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பொதுக் கம்பெனியை சுமார் 200 கோடி டாலருக்கு முழுவதுமாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ரேசிங் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளமும் இப்போது அவர்களிடம்தான். வேலி, வயல், களம், கடைசியில் கணக்கு நோட்டு. எல்லாம் ஒரே வீட்டுக்குள்.

விளையாட்டே ஊடகம் நடத்துவது அங்கே புதிதும் அல்ல. 1970-இல் பில் ஃபிரான்ஸ் தொடங்கிய எம்ஆர்என் வானொலி இன்றைக்கும் பந்தயங்களை வர்ணிக்கிறது. காதால் கேட்டே பந்தயத்தைப் பின்தொடர்ந்த தலைமுறை ஒன்று அதில் வளர்ந்தது. வர்ணனையாளருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார் என்று அவர்கள் கவலைப்பட்டதில்லை. மூன்றாவது வளைவில் யார் முந்துகிறார் என்பதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

ஜேஸ்கியின் பெரும்பகுதி வேலைக்கும் இதே நியாயம் செல்லும். 29-ஆம் எண் வண்டி வெள்ளை என்றால் வெள்ளை. பட்டியலில் 38 வண்டி என்றால் 38. நாஸ்காரே பட்டியலைத் தயாரிக்கிறது என்பதால் தகவல் இன்னும் சீக்கிரமாகவும் பிழையில்லாமலும் வரவும் கூடும். புதுப்பித்த தளத்தைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்றாடத் தேவைக்கு அது குறை வைக்கவில்லை.

இடிக்கிற இடம் வேறு. நாஸ்காரில் 2016 முதல் சார்ட்டர் என்ற முறை இருக்கிறது. 36 சார்ட்டர்கள். கையில் ஒன்று இருந்தால் ஒவ்வொரு பந்தயத்திலும் இடமும் வருமானத்தில் பங்கும் உறுதி. புது சார்ட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்து, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனும் ஓட்டுநர் டென்னி ஹாம்லினும் சேர்ந்து நடத்தும் ட்வென்ட்டி-த்ரீ இலெவன் டீமும், ஃப்ரண்ட் ரோ டீமும் 2024 அக்டோபரில் நாஸ்கார் மேல் ஏகபோக எதிர்ப்புச் சட்டப்படி வழக்குப் போட்டன. அவர்கள் சொன்ன குற்றச்சாட்டின் சாரமே, ஓடுதளமும் விதியும் காரும் ஒரே கையில் இருக்கின்றன, நாங்கள் வேறெங்கே போவது என்பதுதான். 2025 டிசம்பரில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசம் ஆனது. 1949-இல் தோற்ற ஸ்பிரிங்காரர் இருந்து பார்த்திருக்கவேண்டும்.

இப்படி ஒரு செய்தியில் தளத்தின் முதலாளியே பிரதிவாதி. நான் சொல்லவருவது செய்தியை மறைப்பார்கள் என்றல்ல. உலகமே எழுதும்போது மறைக்க முடியாது. பழைய ஜேஸ்கியின் உயிர், உறுதியாகாததையும் தேதியோடு எழுதிவைத்ததில் இருந்தது. அந்த டீம் கையெழுத்துப் போடப்போவதில்லையாம், இந்த ஓடுதளத்துக்கு அடுத்த ஆண்டு பந்தயம் கிடைக்காதாம் என்று. அதில் பாதி பொய்யாகப் போகும், மீதி நாஸ்கார் அலுவலகத்துக்குத் தலைவலியாக இருக்கும். ஒரு கம்பெனி தன் சொந்தத் தளத்தில் தன்னைப் பற்றிய வதந்தியைத் தானே எழுதினால் அதற்குப் பெயர் வதந்தி இல்லை, அறிவிப்பு. சில்லி சீசன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அதைச் செய்வது கொஞ்சம் தர்மசங்கடம்தான். நிலக்கிழாரின் வீட்டில் சம்பளம் வாங்கும் கணக்குப்பிள்ளை நெல் மூட்டையைச் சரியாகத்தான் எண்ணுவார், எஜமானர் வீட்டுச் சண்டையை மட்டும் நோட்டில் ஏற்றமாட்டார்.

மாற்று வழி இருந்ததா என்றால், காகிதத்தில் இருந்தது. ரசிகர்களிடம் சந்தா வாங்கியிருக்கலாம். ஆனால் எந்தக் கார் எந்த நிறம் என்று தெரிந்துகொள்ள எத்தனை பேர் மாதாமாதம் காசு கொடுப்பார்கள்? விளம்பரத்தை நம்பி ஒருவர் வீட்டிலிருந்து நடத்தியது 1996-இன் கணக்கு. இன்றைக்கு அந்த விளம்பரக் காசு பெரிய தேடுபொறிக்கும் சமூக ஊடகத்துக்கும் போகிறது. இன்னொரு ஒளிபரப்பாளர் வாங்கியிருந்தால், அவர் உரிமை முடியும் நாளில் இதே கதை. 2025-இல் தொடங்கிய 770 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஃபாக்ஸ், என்பிசியோடு அமேசானும் டிஎன்டியும் சேர்ந்திருக்கின்றன. யார் எத்தனை நாள் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். உரிமை காலாவதியாகாத ஒரே தரப்பு நாஸ்கார்தான். அதனால் எழுப்பியது அவர்கள் என்பதில் எனக்குக் குறையில்லை. வேறு யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள்.

பழைய பட்டியல்களை நான் தேடுவதற்கு எனக்கும் ஒரு காரணம் உண்டு. 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் 60-ஆம் எண் வண்டிக்கு எதிரில் ஒரு பெயர் வந்தது: நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர், ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர், இப்போது பிக்கப் டிரக்கை ஓட்ட வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் போயிருந்தார். எண்ணூறு மீட்டர்ச் சுற்று, பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும், பிரேக் பிடித்தே ஆள் களைத்துப்போகும் இடம். முதல் பந்தயத்திலேயே 13-ஆவதாக வந்தார். அந்த ஆண்டு ஒன்பது பந்தயம்தான் ஓட்டினார், ஆனாலும் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை ரசிகர் வாக்கில் அவர்தான் வாங்கினார். எங்கிருந்து வாக்கு கொட்டியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இங்கே செய்தித்தாளில் அது ஒரு நாள் செய்தி. பழைய பட்டியலில் அது இன்னும் அப்படியே ஒரு வரியாகக் கிடக்கிறது. எண் 60, பெயர், பக்கத்தில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தியா.